கிரேஹவுண்ட் கலந்த சிப்பிப்பாறை நாயை காட்பாடி வீட்ல வளர்க்கலாமா?

தம்பி, நீங்க கேட்டதை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் விஷயம் புரியணும். கே.வி.குப்பம் பக்கம் ஒரு தோட்டத்துல ஒன்றரை வயசு ஆண் நாய், அம்மா சிப்பிப்பாறை, அப்பா கிரேஹவுண்ட் கிராஸ்னு சொல்றாங்க, காவலுக்கு ஆகலன்னு தோட்டக்காரர் யாருக்காவது குடுத்துடப் பாக்குறார். நீங்க காட்பாடில தனி வீடு, முன்னாடி கொஞ்சம் காலி இடம், அஞ்சடி காம்பவுண்ட், வீட்ல உங்க அம்மா, மனைவி, ஆறு வயசு பொண்ணு, கூட ஒரு பூனை. எடுக்கலாமா, இவ்ளோ ஒல்லியா இருக்கே நோயா, காவல் காக்குமா, என்ன போடணும், எவ்ளோ ஓட விடணும்னு கேட்டிருக்கீங்க.

எடுக்கலாம். நல்ல நாய் அது, வீட்டுக்குள்ள வளர்க்க இதைவிட அமைதியான ஜாதி கிடைக்கறது கஷ்டம். ஆனா ரெண்டு விஷயம் சரியா வரணும், ஒண்ணு அந்த பூனை, இன்னொண்ணு அந்த காம்பவுண்ட். ரெண்டுக்கும் காரணம் ஒண்ணு தான், இந்த நாயோட கண்ணு. அதை புரிஞ்சுக்கிட்டா மிச்சம் எல்லாம் தானா புரியும்.

லேப், பீகிள் மாதிரி நாய்ங்க மூக்கை நம்பி வாழும். இது கண்ணை நம்பி வாழற நாய். கிரேஹவுண்ட், விப்பெட், சலூக்கி, நம்ம நாட்டுல சிப்பிப்பாறை, கன்னி, கர்நாடகால முதோல், வடக்க ராம்பூர், எல்லாம் இந்த குடும்பம் தான். தலை ஒடுங்கி நீளமா இருக்கும், கண்ணு ரெண்டும் கொஞ்சம் பக்கவாட்டுல இருக்கும், கிரேஹவுண்டுக்கு சுமார் 270 டிகிரி வரைக்கும் பார்வை விரியும்னு சொல்லுவாங்க, நமக்கு 180 தான். நீங்க அதுகூட நின்னு பேசிட்டு இருப்பீங்க, நூறு நூத்தம்பது மீட்டருக்கு அந்தப்பக்கம் ஒரு ஆட்டுக்குட்டி துள்ளும், நீங்க பாக்கறதுக்கு முன்னாடி அது பாத்துடும், பாத்ததும் காது நிமிரும், உடம்பு விறைக்கும், அடுத்த நொடி கிளம்பிடும். கிளம்பிட்டா காது வேலை செய்யாது, நீங்க எவ்ளோ கத்தினாலும் சரி. அடம்னு நினைச்சு அடிக்கறவங்கள பாத்திருக்கேன், மனசு ரொம்ப கஷ்டப்படும். பல நூறு வருஷமா மனுஷன் இதை அதுக்குன்னே பொறுக்கி எடுத்து வளர்த்தான், மனுஷன் சொல்றதுக்கு காத்திருக்காம பாத்த உடனே ஓடுற நாயை தான் குட்டி போட விட்டான். இப்ப அதே குணத்துக்கு அதை அடிச்சா எப்படி?

உடம்பும் ஓட்டத்துக்குன்னே ஆனது. நெஞ்சு ஆழமா இறங்கி இருக்கும், உள்ள பெரிய இதயம், பெரிய நுரையீரல், இடுப்பு அப்படியே உள்ள போயிடும், முதுகு லேசா வளைஞ்சு இருக்கும். முழு வேகத்துல ஓடும்போது ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ரெண்டு தடவை நாலு காலும் தரையை விட்டு எழும்பும், கால் எல்லாம் உள்ள சுருங்கி இருக்கும்போது ஒரு தடவை, நல்லா விரிஞ்சு நீட்டி இருக்கும்போது ஒரு தடவை. கிரேஹவுண்ட் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல போகும். உங்க கிராஸ் அந்தளவு போகலன்னாலும் பாலாத்து மணல்ல விட்டா பைக்ல துரத்தி புடிக்க முடியாது.

இப்ப கிராஸ் விஷயத்துக்கு வரேன். இங்கிலாந்து, அயர்லாந்துல இந்த மாதிரி கலப்பு நாய்ங்க ரொம்ப காலமா இருக்கு. கிரேஹவுண்டையோ விப்பெட்டையோ ஆடு மேய்க்கிற கோலி கூடவோ டெரியர் கூடவோ சேத்து எடுத்தா லர்ச்சர்னு சொல்லுவாங்க, வேகமும் வேணும், கூடவே சொன்ன பேச்சு கேக்குற புத்தியும் தாக்குப்பிடிக்கிற உடம்பும் வேணும்னு எடுத்தது. ஓட்ட நாயும் ஓட்ட நாயும் சேந்தா லாங்டாக்னு தனியா சொல்லுவாங்க. உங்களோடது பெரும்பாலும் இந்த ரெண்டாவது வகை, அதாவது அம்மா அப்பா ரெண்டு பக்கமும் கண்ணை நம்புற ஜாதி ரத்தம் இருக்கு. அதனால லேப் கிராஸ்ல வர மாதிரி துரத்துற குணம் குறையும்னு எதிர்பார்க்காதீங்க, ரெண்டு பக்கத்துல இருந்தும் அதே தான் வரும். மாறுறது மிச்ச குணங்கள் தான். சிப்பிப்பாறை ஒரு ஆள்கிட்ட ஒட்டும், வெளி ஆளை நம்பாது, குரைக்கும். கிரேஹவுண்ட் பொதுவா சாது, யார் வந்தாலும் வாலை ஆட்டிட்டு மறுபடி போய் படுத்துக்கும். ரெண்டும் சேந்தா பாதிக்கு பாதியா வரும்னு நினைக்காதீங்க. ஒரே ஈத்துல ஒரு குட்டி அம்மா மாதிரி, இன்னொண்ணு அப்பா மாதிரி வரும், அதுலயும் அப்பனே கிராஸ்னு சொல்றீங்க, அப்ப இன்னும் கலந்து தான் வரும். நம்ம வட ஆற்காடு பக்கம் சிப்பிப்பாறைனு சொல்லி விக்கிறதுலயும் நிறைய கலப்பு இருக்கு, அது விருதுநகர் தூத்துக்குடி பக்கத்து நாய், இங்க வந்து சேர்றதுக்குள்ள எது எதுகூட சேந்துச்சோ. அதனால ஜாதி பேரை ஓரமா வச்சிட்டு, கண்ணு முன்னாடி நிக்கிற நாயை பாருங்க. ஒன்றரை வயசுல குணம் கிட்டத்தட்ட தெரிஞ்சிடும், குட்டியா எடுக்கறதை விட உங்களுக்கு இது ஒரு விதத்துல நல்லது தான்.

ஒல்லியா இருக்கறதுக்கு பயப்படாதீங்க. இந்த வகை நாய்க்கு கடைசி ரெண்டு மூணு விலா எலும்பு தெரியறதும், இடுப்பு எலும்பு லேசா துருத்திட்டு இருக்கறதும் ஆரோக்கியம் தான். தொடையை தொட்டுப் பாருங்க, கெட்டியா சதை இருந்தா நாய் நல்லா இருக்கு. தொடை ஒட்டிப் போய், முதுகெலும்பு முழுசா முள்ளு முள்ளா தெரிஞ்சு, மண்டையில ரெண்டு பக்கமும் குழி விழுந்திருந்தா தான் பூச்சியோ நோயோ பட்டினியோ இருக்கு. நாளைக்கு நீங்க இதை தெருவுல கூட்டிட்டு போனா கண்டிப்பா யாராவது "இன்னாபா, நாய்க்கு சோறு போடறதே இல்லியா"னு கேப்பாங்க, அதைக் கேட்டு வெக்கப்பட்டு சோத்தை அள்ளி வச்சு குண்டாக்கிடாதீங்க. மெலிஞ்ச நீள கால் எலும்பு அது, அது மேல கூடுதல் எடை ஏறினா ஓடித் திரும்பும்போது மூட்டு போயிடும்.

ஓட்டம் எவ்ளோ வேணும்னு கேட்டீங்க. இங்க தான் எல்லாரும் தப்பா நினைக்கிறாங்க, வேகமா ஓடுற நாய்னா நாள் பூரா ஓடணும்னு. கொஞ்ச நேரம் வெறி புடிச்ச மாதிரி ஓடும், அப்புறம் நாள் பூரா தூங்கும். வயசு வந்த நாய்க்கு காலைல அரை மணி முக்கா மணி நடை, சாயந்தரம் அதே மாதிரி, வாரத்துல ரெண்டு மூணு நாள் நாலு பக்கமும் அடைச்ச இடத்துல அவுத்து விட்டு மனசார ஓட விடறது, இது போதும். மிச்ச நேரம் சோபா மேல நாலு காலையும் மேல தூக்கிட்டு படுத்திருக்கும். ஆனா அந்த ஓட்டம் கிடைக்காம சங்கிலில கட்டியே வச்சா சுத்தி சுத்தி வரும், காலை கடிச்சுக்கும், ஊளை விடும், வர்றவங்க போறவங்க மேல பாயும். தோட்டத்துல இதை கட்டி வச்சிருந்தாங்களா, அவுத்து விட்டிருந்தாங்களான்னு விசாரிங்க, கழுத்துல முடி தேஞ்ச தழும்பு இருந்தா கட்டியே கிடந்த நாய், அதுக்கு வீட்டு பழக்கம் வர கொஞ்சம் பொறுமை வேணும்.

எங்க அவுத்து விடறதுன்றது தான் பெரிய கேள்வி. சேண்பாக்கம் விரிஞ்சிபுரம் பக்கம் பாலாறு காஞ்சு கிடக்கே, அவ்ளோ மணல் இருக்கே, அங்க விட்டா என்னன்னு தோணும். வேணாம் தம்பி. மணல்ல உடைஞ்ச பாட்டில் கிடக்கும், ஓரமெல்லாம் சீமைக் கருவேல முள்ளு, ஆடு மேயும், தெரு நாய்க் கூட்டம் இருக்கும், அந்தப்பக்கம் ஹைவே. ஒரு ஆட்டுக்குட்டி பின்னாடி போச்சுன்னா ஒண்ணு ஆடு போகும், இல்ல நாய் லாரில போகும், ஆட்டுக்காரருக்கு நீங்க பதில் சொல்லணும், அது அவர் பொழப்பு. யாராவது தெரிஞ்சவங்க மாந்தோப்புல நாலு பக்கமும் சங்கிலி வேலி இருந்தா கேட்டுப் பாருங்க, சுவர் கட்டின காலி பிளாட் இருந்தாலும் சரி, காலைல ஆள் நடமாட்டம் இல்லாதப்ப அவுத்து விடுங்க. முள்கம்பி வேலி மட்டும் இருந்தா அங்க விடவே கூடாது, வேகத்துல போய் அதுல விழுந்தா தோல் கிழிஞ்சு தொங்கும். கூப்பிட்டா வர்ற பழக்கமும் குடுங்க, விசில் சத்தத்துக்கு பழக்கி, வந்தா வேக வச்ச கோழி ஈரல் ஒரு துண்டு, வேற எப்பவும் அந்த ஈரல் கிடைக்கக் கூடாது. அது பத்துல எட்டு தடவை வேலை செய்யும். மிச்ச ரெண்டு தடவைக்காக தான் திறந்த இடத்துல கயித்தை விடவே கூடாதுன்னு சொல்றேன்.

கயிறுனதும் கழுத்துப் பட்டை ஞாபகம் வருது. இந்த நாய்க்கு கழுத்தை விட தலை சின்னது, சாதா பட்டை போட்டு இழுத்தா பின்னாடி நகந்து தலையை உருவிட்டு போயிடும். மார்ட்டிங்கேல்னு ஒரு வகை பட்டை இருக்கு, இழுத்தா அளவா இறுகும், விட்டா தளரும், கழுத்தை நெரிக்காது, அதுவும் ரெண்டு இன்ச் அகலத்துக்கு கம்மியில்லாம இருக்கணும், ஏன்னா கழுத்து நீளம், தோல் மெல்லிசு, ஒல்லி பட்டை ஒரே இழுப்புல வெட்டிடும். கடையில சரியான அளவு கிடைக்காது, ஆனா நாம இருக்கறது தோல் ஊருங்க, ஆம்பூர் பேரணாம்பட்டு ராணிப்பேட்டைல தெரிஞ்ச தோல் வேலைக்காரர் இருந்தா அளவு குடுத்து மெத்துனு உள் துணி வச்சு தச்சு வாங்குங்க, வருஷக்கணக்கா வரும். பட்டன் அமுக்கினா நீளமா ஓடுற கயிறு வேணவே வேணாம், அது அத்தனை தூரம் வேகம் புடிச்சு கடைசில ஒரு வெட்டு வெட்டும், கழுத்து எலும்புக்கே ஆபத்து, உங்க கையும் போகும். காம்பவுண்ட் அஞ்சடினு சொன்னீங்க, சிப்பிப்பாறை ரத்தம் இருக்கற இளம் நாய்க்கு அஞ்சடி பெரிய உயரம் இல்ல, மேல ஒண்ணு ஒன்றரை அடிக்கு வலை அடிச்சிடுங்க, சுவர் ஓரம் தொட்டி, செங்கல் அடுக்கு எதுவும் இருக்கக் கூடாது. கேட்டுக்கு கீழ இடைவெளி எவ்ளோன்னும் பாருங்க, அந்த ஒடுங்கின உடம்பு நீங்க நம்ப முடியாத சந்துல நுழையும்.

பூனை. நேரா சொல்றேன், இது தான் நீங்க எடுக்கலாமா வேணாமான்றதை முடிவு பண்ணும். சில நாய் வீட்டு பூனையை குடும்பத்துல ஒண்ணா ஏத்துக்கும், சிலது எத்தனை வருஷம் ஆனாலும் ஏத்துக்காது. எடுக்கறதுக்கு முன்னாடி தோட்டத்துக்கு ஒரு தடவைக்கு மேல போங்க. நாயை கயித்துல புடிச்சுட்டு கோழி மேயற பக்கமா நிதானமா நடங்க. கோழியை பாத்துட்டு, நீங்க பேரு சொன்னா திரும்பி உங்களை பாத்தா நம்பிக்கை இருக்கு. பாத்ததும் விறைச்சு நின்னு, உடம்பு நடுங்கி, வாய்ல கறி துண்டை வச்சாலும் அது தெரியாத மாதிரி நின்னா, பூனை இருக்கற வீட்டுக்கு அந்த நாய் வேணாம். வீட்டுக்கு கொண்டு வந்தப்புறமும் முதல் சில வாரம் பூனைக்கு தனி ரூம், உயரத்துல ஏறி உக்கார இடம், நாய்க்கு கயிறும் காத்து போற கூடை மாதிரி வாய்க்கூடும் போட்டு தான் ஒரே ரூம்ல விடணும். வீட்டுக்குள்ள ரெண்டும் ஒண்ணா தூங்கினாலும் வாசல்ல பூனை ஓடினா அது வேற கதை, ஓடுற பொருளா தான் அந்த கண்ணுக்கு தெரியும். நீங்க இல்லாதப்ப ரெண்டையும் ஒண்ணா விட்டுட்டு போகாதீங்க, ஆறு மாசம் சண்டை இல்லாம இருந்தாலும்.

பொண்ணு விஷயத்துல எனக்கு பயம் கம்மி. இந்த நாய்ங்க குழந்தைங்ககிட்ட மென்மையா இருக்கும், லேப் மாதிரி மேல விழுந்து தள்ளாது. ஆனா தூங்கும்போது தொடக்கூடாதுன்னு பாப்பாவுக்கு சொல்லிக் குடுங்க. இந்த வகையில சிலது கண்ணை பாதி தொறந்து வச்சே ஆழ்ந்து தூங்கும், முழிச்சிருக்குன்னு நினைச்சு குழந்தை மேல சாஞ்சா திடுக்குனு எழுந்து ஒரு கடி வச்சிடும், அது கோபமே கிடையாது, பதட்டம். அதுக்குன்னு ஒரு மூலை, அங்க படுத்திருந்தா யாரும் போகக்கூடாது, பேரு சொல்லி கூப்பிட்டு எழுந்து வந்தா தான் தொடலாம். எப்பவாவது பல்லு பட்டு ரத்தம் வந்தா வீட்டு நாய் தானேன்னு விடாம பதினஞ்சு நிமிஷம் சோப்பு போட்டு ஓடுற தண்ணில கழுவிட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போகணும், ஊசியை டாக்டர் முடிவு பண்ணட்டும். உங்க அம்மாவை பொறுத்தவரைக்கும், கயிறு அவங்க கையில வேணாம், அவ்ளோ தான்.

காவல்? தோட்டக்காரரே ஆகலன்னு சொல்லிட்டார், அவர் சொல்றதை நம்புங்க. புது ஆள் வந்தா குரல் குடுக்கலாம், திருடனை மடக்கும்னு எதிர்பார்க்க வேணாம். காவல் தான் முக்கியம்னா வேற நாய் பாருங்க, இதை அடிச்சு, இருட்டுல அடைச்சு கோபக்காரனா ஆக்க சொல்லி யோசனை சொல்லுவாங்க, தயவு செஞ்சு கேக்காதீங்க. இதுங்க மனசு ரொம்ப மெல்லிசு. குரலை உயர்த்தினாலே ஒடுங்கிப் போய் சோறு திங்காம கிடக்கும், ஒரு தடவை அடி வாங்கின ஆள்கிட்ட மறுபடி வர மாசக்கணக்காகும். பாராட்டி, கொஞ்சம் கொஞ்சமா சொல்லிக் குடுத்தா நல்லா கத்துக்கும். 'உக்காரு'னு மட்டும் வற்புறுத்தாதீங்க, அந்த தொடையும் முதுகும் இருக்கற அமைப்புல நிறைய நாய்க்கு உக்காரறது சுகமா இருக்காது, நிக்கவோ படுக்கவோ சொல்லிக் குடுங்க.

அடுத்தது நம்ம ஊர் வெயில். வேலூர் வெயிலை பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேணாம். முடி சின்னதா இருக்கு, ஒல்லியா இருக்கு, தாங்கும்னு தோணும், சும்மா நிழல்ல படுத்திருந்தா தாங்கும் தான். ஓடினா தான் ஆபத்து, அவ்ளோ தசை ஒரே நிமிஷத்துல உடம்பு சூட்டை ஏத்திடும். நாய்க்கு சாதாரணமா 101ல இருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட், 105 தாண்டினா உயிருக்கே ஆபத்து. மார்ச்சுல இருந்து ஜூன் வரைக்கும் காலைல ஆறு மணிக்குள்ள நடை முடிஞ்சிடணும், சாயந்தரம் ரோட்டுல புறங்கையை வச்சு ஏழு எட்டு நொடி வைக்க முடிஞ்சா தான் கூட்டிட்டு போகணும். கத்திரி வெயில்ல ஓட்டமே வேணாம், நடை போதும். மூச்சு இரைக்கறது நிக்காம, நாக்கு கருஞ்சிவப்பா, எச்சில் கயிறு மாதிரி ஒழுகி தள்ளாடினா உடனே நிழல், உடம்பு பூரா சாதா தண்ணி ஊத்தி ஃபேன் காத்து, குடிக்க கொஞ்சம் கொஞ்சமா தண்ணி, ஊத்திக்கிட்டே டாக்டர்கிட்ட ஓடணும். ஈரத்துணியை மேல போத்தி மூடி வைக்காதீங்க, சூடு உள்ளேயே நிக்கும். மார்கழி தை விடியக்காலைல இதுக்கு நேர் எதிர், கொழுப்பே இல்லாத உடம்பு, நடுங்கும், தரையில படுக்க விடாம பழைய மெத்தையோ மடிச்ச ஜமக்காளமோ போடுங்க. எலும்பு உறுத்தி முழங்கை காய்ச்சுப் போறதும் நீர் கோத்துக்கறதும் சிமெண்ட் தரையில படுக்கறதால தான், மெத்தை பன்னெண்டு மாசமும் வேணும்.

சாப்பாட்டுக்கு பெருசா ஒண்ணும் செலவு இல்ல. நம்ம வீடுங்கள்ல எப்பவும் கேழ்வரகு இருக்கும், கூழாவோ களியாவோ கொஞ்சம், கூட சோறு, வேக வச்ச கோழி, ஈரல், முட்டை, மோர் கொஞ்சம், வேக வச்ச பூசணி கேரட், உப்பு காரம் இல்லாம. கறி தான் அதிகமா இருக்கணும், வெறும் பால் சோறும் களியும் போட்டா இந்த உடம்புக்கு தசை நிக்காது. பாக்கெட் தீனி போட்டாலும் சரி. ஆம்பூர் பிரியாணி மிச்சத்தை மட்டும் போடாதீங்க, அதுல வெங்காயம் பூண்டு இருக்கு, நாய் ரத்தத்துக்கு அது விஷம், வெந்த எலும்பு சில்லு சில்லா உடைஞ்சு குடலை குத்தும். திராட்சை, சாக்லேட்டும் ஆகாது. ஒரே வேளையா மொத்தமா போடாம ரெண்டு வேளையா பிரிச்சு போடுங்க, ஓட்டத்துக்கு முன்னாடி பின்னாடி ஒரு மணி நேரமாவது சாப்பாடு கூடாது. ஆழமான நெஞ்சு இருக்கற நாய்க்கு இரைப்பை காத்து அடைச்சு முறுக்கிக்கற ஒரு பிரச்சினை உண்டு. வயிறு உப்பும், வாந்தி எடுக்க முக்கும் ஆனா ஒண்ணும் வராது, நிக்க முடியாம உக்கார முடியாம தவிக்கும். இதை பாத்தா சோடா குடுக்கறது, ஓமத்தண்ணி குடுக்கறதுன்னு நேரம் போக்காதீங்க, ஆபரேஷன் வசதி இருக்கற இடத்துக்கு அந்த நிமிஷமே கிளம்பணும், ராத்திரி ரெண்டு மணி ஆனாலும். அதனால எந்த டாக்டர் ராத்திரில போன் எடுப்பார்னு இப்பவே விசாரிச்சு வச்சிடுங்க.

டாக்டர்கிட்ட போனா நீங்களே ஞாபகமா சொல்ல வேண்டிய சில விஷயம் இருக்கு. இதுல கிரேஹவுண்ட் ரத்தம் இருக்குன்னு முதல்ல சொல்லுங்க. கிரேஹவுண்டுக்கு ரத்தத்துல சிவப்பணுவோட பங்கு மத்த நாயை விட அதிகம், மத்ததுக்கு 37ல இருந்து 55 சதவீதம்னா இதுக்கு 50க்கு மேல 60 கூட சாதாரணம், தட்டணு (பிளேட்லெட்) கம்மியா இருக்கும், தைராய்டு அளவும் கம்மியா காட்டும். தெரியாம பாத்தா நோய்னு தோணும். அதைவிட முக்கியம் மயக்க மருந்து. தயோபென்டோன் மாதிரி பழைய மருந்து குடுத்தா கிரேஹவுண்ட் வகை நாய்ங்க எழுந்திரிக்க ரொம்ப நேரமாகும், கல்லீரல் அதை மெதுவா தான் உடைக்கும், கொழுப்பும் இல்லாததால மருந்து ரத்தத்துலயே சுத்தும். இப்ப வேற நல்ல மருந்துங்க இருக்கு, சொன்னா டாக்டர் மாத்திக்குவார். ஆபரேஷன் டேபிள்ல உடம்பு சூடும் சீக்கிரம் இறங்கிடும், போத்த ஒரு போர்வை எடுத்துட்டு போங்க. கருத்தடை ஆபரேஷன் பண்ணினா அன்னைக்கு நல்லா இருந்துட்டு ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு காயத்தை சுத்தி ரத்தம் கசியறதும் கன்றிப் போறதும் கிரேஹவுண்டுக்கு வரக்கூடியது, அந்த மூணு நாள் தினமும் தொறந்து பாருங்க. உங்க நாய்க்கு அப்பன் பக்கத்து குணம் எவ்ளோ வந்திருக்குன்னு வெளிய பாத்து சொல்ல முடியாது, அதனால முழு கிரேஹவுண்டாவே நினைச்சு ஜாக்கிரதையா இருக்கறது தான் சரி.

தோல் காகிதம் மாதிரி கிழியும். மத்த நாய்க்கு கீறலா போறது இதுக்கு தையல் போடற காயமா ஆகும். வீட்ல சலைன், பஞ்சு, கட்டுத்துணி எப்பவும் இருக்கட்டும், மஞ்சள் சுண்ணாம்பு வேணாம். நடை முடிஞ்சு வந்ததும் பாதத்தை தூக்கி பாருங்க, முள்ளு இருக்கும், சிலதுக்கு பாதத்துல ஆணி மாதிரி கெட்டியாகி நொண்டும். நகம் நீளாம பாத்துக்கோங்க. பல்லுல காரை சீக்கிரம் புடிக்கற ஜாதி, வாரத்துல சில நாளாவது நாய்க்குன்னு விக்கிற பேஸ்ட் வச்சு தேய்ச்சு விடுங்க.

உண்ணி தான் நம்ம ஊர்ல நாயை கொல்ற பெரிய எதிரி. ஆடு மாடு நடமாடற இடம், தோட்டத்துல இருந்து வர்ற நாய், கண்டிப்பா உண்ணி இருக்கும். அது கடிச்சா எர்லிச்சியா, பபீசியானு ரத்தத்தை தாக்கற ரெண்டு நோயும் வரும், காய்ச்சல், சோறு திங்காம கிடக்கறது, ஈறு வெளுக்கறது, மூக்குல ரத்தம், சிறுநீர் காப்பி கலர்ல போறது, இதுல எது வந்தாலும் அன்னைக்கே ரத்தப் பரிசோதனை. வீட்டுக்கு கொண்டு வந்த வாரமே நாய் நல்லா இருக்கும்போதே ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்து சீட்டை பத்திரமா வைங்க, தட்டணு இதுக்கு இயல்புலயே எவ்ளோன்னு அப்ப தான் தெரியும், நாளைக்கு காய்ச்சல் வந்தா டாக்டர் ஒப்பிட்டு பாப்பார். மாட்டுக்கு அடிக்கற உண்ணி மருந்தை தண்ணில கலந்து ஊத்தறது நம்ம கிராமங்கள்ல சகஜம், இந்த மெல்லிசு தோலு, கொழுப்பில்லாத உடம்புக்கு அது விஷமா ஏறும், பண்ணவே கூடாது. மாத்திரையோ பிடரியில விடற சொட்டு மருந்தோ எடை பாத்து டாக்டர் குடுக்கட்டும், வலிப்பு எப்பவாவது வந்திருந்தா அதையும் சொல்லிடுங்க. பூச்சி, உண்ணிக்கு போடற ஐவர்மெக்டின் ஊசியும் டாக்டரை கேட்டு தான் போடணும், கோலி ரத்தம் கலந்த நாய்ல ஒரு மரபணு கோளாறு உண்டு, அது இருந்தா அதிக டோஸ் ஐவர்மெக்டின் மூளையை தாக்கும். உங்க நாயோட அப்பன் என்ன கிராஸ்னு யாருக்கும் தெரியாதே.

வெடி சத்தத்துக்கு இதுங்க ரொம்ப பயப்படும், பயந்தா ஓடறது தான் தெரியும். நம்ம ஜில்லால தீபாவளியோட முடியறதில்ல, தை மாசி பூரா ஊருக்கு ஊர் எருது விடற விழா, வைகாசி ஒண்ணாம் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு வாணவேடிக்கை, நடுவுல கல்யாணம், சாவு. அந்த நாள்ல வாசல்ல விடாம உள் ரூம்ல ஃபேன் போட்டு கூட இருங்க, பட்டையில உங்க போன் நம்பர் எழுதின தகடு எப்பவும் இருக்கட்டும், மைக்ரோசிப் போட்டா இன்னும் நல்லது.

இன்னொண்ணு, இந்த உருவத்தை பாத்ததும் முயல் வேட்டைக்கு கூப்பிட ஆள் வரும். காணும் பொங்கல் சமயத்துல கண்டிப்பா வரும், 'ஒரு நாள் குடு நைனா'னு கேப்பாங்க. 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி முயல் வேட்டை குற்றம், நாய் வச்சு புடிச்சாலும் குற்றம் தான், கேஸ் உங்க பேர்ல வரும். அதோட துரத்தி புடிச்சு கொன்னு பழகின நாய் உங்க வீட்டு பூனைகிட்ட முன்ன மாதிரி இருக்காது. தோட்டத்துல இதை அப்படி கூட்டிட்டு போயிருக்காங்களான்னு நேரடியா கேக்காம பேச்சுவாக்குல கேட்டு தெரிஞ்சுக்கோங்க, போயிருந்தா பூனை இருக்கற உங்க வீட்டுக்கு நான் வேணாம்னு தான் சொல்லுவேன்.

பூனை விஷயம் ஒத்து வந்துச்சுன்னா தயங்காதீங்க, நல்லா பாத்துக்கிட்டா இன்னும் பத்து பன்னெண்டு வருஷம் உங்க கூட இருக்கற நாய் இது. தடுப்பூசி சீட்டு தோட்டக்காரர்கிட்ட இருந்தா வாங்கிக்கோங்க, 'போட்டாச்சு'னு வாய்ல சொன்னா போடலன்னு வச்சுக்கிட்டு வெறிநாய்க்கடி ஊசியும், பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் சேந்த ஊசியும் புதுசா போட்டு, பூச்சி மருந்தும் குடுத்துடுங்க, அப்புறம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை பூச்சி மருந்து, வருஷா வருஷம் ஊசி. காட்பாடி வேலூர் மாநகராட்சிக்குள்ள வருது, நாய் லைசென்ஸுக்கு என்ன பேப்பர் வேணும்னு கேட்டுக்கோங்க, ஊசி சீட்டு அதுக்கும் வேணும். காம்பவுண்டுக்கு மேல வலை அடிச்சு முடிச்சப்புறம் தான் நாயை வண்டில ஏத்தணும், முதல் ஒரு மாசம் வாசலுக்குள்ளயே கூட கயித்தோட தான் விடணும், புது இடத்துல பழைய தோட்டத்தை தேடி ஓடற நாள் அது தான்.